சத்தமாகப் படிக்கச் சொன்ன கடிதம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வெள்ளைக்கார நீதிபதிகள் போன பிறகு, எங்கள் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிராணியாரையே புதிய நிர்வாகம் மாஜிஸ்திரேட்டாக நியமித்தது. அவர் கேட்கவும் இல்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். அவர் வீடும் காஜா பேராங்கில் எங்கள் தெருவில்தான். டயர் கிடைக்காமல் ரப்பர்க் குழாய் சுற்றிய சைக்கிள்களில் இருவரும் கடகடவென்று ஒன்றாகவே வேலைக்குப் போவோம்.

ஒருநாள் செங் என்ற ஊரிலிருந்து வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் கூண்டில் நின்றார். அவர் வண்டியில் பூட்டியிருந்த காளை தன்னுடையது, அதை அவர் திருடிவிட்டார் என்று ராணுவத்துக்குக் கிழங்கு சப்ளை செய்த கான்ட்ராக்டர் புகார் கொடுத்திருந்தார். கான்ட்ராக்டருக்குச் சாட்சி யாருமில்லை. கன்றிலிருந்து வண்டிக்காரர் வளர்த்த மாடுதான் என்று பக்கத்து வீட்டார் இருவர் சொன்னார்கள்.

தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் கான்ட்ராக்டரின் ஆள் என் கையில் ஒரு கடிதத்தைத் திணித்து, மேலே கொடுக்கச் சொன்னான். அதில் ராணுவ அதிகாரி ஒருவரின் முத்திரை இருந்தது. மாஜிஸ்திரேட் அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இத சத்தமா படி தம்பி. அப்புறம் வண்டிக்காரருக்குத் தமிழ்ல சொல்லு," என்றார் தணிந்த குரலில்.

"ஐயா, இது உங்களுக்கு வந்தது..."

"கேசப் பத்தி வந்த கடிதம். அவருக்குத் தெரியாம நான் மட்டும் பாக்கக் கூடாது."

மலாய் மொழியில் இருந்ததை உரக்க வாசித்தேன். மாட்டைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைக்க வேண்டும், வண்டிக்காரனைச் சிறையில் போட வேண்டும் என்று இருந்தது. பிறகு தமிழில் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். ஆனால் பயம் மட்டுமில்லை, என்னவோ ஒரு துள்ளல். கடிதம் கொண்டுவந்தவன் மெல்ல வெளியே நழுவினான்.

"இதை எழுதியவர் இங்கே வந்து சாட்சி சொல்வாரா?" என்று மாஜிஸ்திரேட் கான்ட்ராக்டரைக் கேட்டார். கான்ட்ராக்டர் வாசல் பக்கம் பார்த்தார். வண்டிக்காரரை விடுதலை செய்து, மாட்டையும் அவரிடமே கொடுக்கச் சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் வண்டிக்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நெசமாவா தம்பி? மாட்ட ஓட்டிக்கிட்டுப் போலாமா?"

"இப்பவே போலாண்ணே."

அன்றைக்கு வீடுவரை எப்படி மிதித்தேன் என்றே தெரியவில்லை. செருப்பைக் கழற்றாமலேயே மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"படிக்கச் சொன்னப்ப அவரு பயப்படலையா?" என்று கேட்டாள்.

"பயந்தது நான்தான்."

அவள் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அடிபிடித்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு இன்னொரு கடிதம் வந்தது. மாஜிஸ்திரேட் வேலை போய், மறுபடி கிராணியானார். ராணுவத்தார் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நான் பயந்தது நல்லவேளையாக நடக்கவில்லை. மறுநாள் காலை சைக்கிளில் போகும்போது, "வருத்தமா ஐயா?" என்று கேட்டேன்.

"கேட்டா வாங்குனேன்? குடுத்தவங்களே எடுத்துக்கிட்டாங்க," என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "ஆனா அன்னிக்கு நீ நல்லா படிச்ச தம்பி. ஒரு வார்த்தகூட முழுங்கல," என்றார்.

அன்று முழுக்க, கோர்ட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வழக்கத்தைவிட உரக்கவே மொழிபெயர்த்தேன்.