கிளி ராணிகள் எட்டுப் பேர்

எட்டு ராணிகளையும் உரித்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ யோக்கியன் மாதிரித் தெரிந்துவிடும்.

அப்போது ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு துணிக் கிடங்கில் எனக்கு வேலை. வெள்ளைக்காரன் கப்பலேறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் போனாலும் துணிப் பஞ்சம் போகவில்லை. மில்லிலிருந்து வருகிற பேல் கட்டுகளை நெம்பிப் பிரித்து, பீஸ் பீஸாக அடுக்குவது என் வேலை. அடுக்கியதை எடுத்துக் கடைக்காரர்களுக்கு மூட்டை கட்டி, கோணி ஊசியால் வாய் தைத்து அனுப்புவது நைனாவின் வேலை. நைனா என்றால் எனக்கு அப்பா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிடங்கில் எல்லோருக்கும் அவர் நைனா. முதலாளி, பாய். கல்லாவில் உட்கார்ந்தபடியே பின்கட்டில் யார் கொட்டாவி விட்டார்கள் என்று சொல்லிவிடுவார்.

பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரே ஒரு நாள் போனேன். அன்றைக்கு லீவு. அதோடு சரி. இந்தக் கோணல் எழுத்தெல்லாம் நாற்பது வயதுக்கு மேல் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்த நாளில் எனக்கு எழுத்தென்றால் படம்தான். தீப்பெட்டி வாங்கினால் மேலே உள்ள படத்தைப் பார்த்து வாங்குவேன். சோப்பும் அப்படித்தான், டீத்தூளும் அப்படித்தான்.

படத்தின்மேல் இருந்த பைத்தியம் கொஞ்சம் முற்றி, குட்டிக் கொட்டாய் செய்ய ஆரம்பித்தேன். நாடகக் கொட்டாய். டீத்தூள் வருகிற பெட்டிப் பலகையில் முழ அகலத்துக்கு ஒரு மேடை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தங்க ஓரத்தைக் கத்தரித்து ஒட்டினால் முகப்பு. நாடக நோட்டீஸை ஈர்க்குச்சியில் சுருட்டினால் திரை. டீப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள் நிலாவுக்கு, சிகரெட் தாள் நட்சத்திரத்துக்கு, சர்க்கரைக் கட்டி சுற்றி வரும் நீலத் தாள் கடலுக்கு. மேலே கூரையில் சதுரமாக ஓட்டை வெட்டி மஞ்சள் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தேன். பகல் வெளிச்சம் அதன் வழியாக இறங்கினால் மேடை முழுக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ஜிகினா, சம்கி எல்லாம் சேலைக்குப் பூவேலை செய்கிறவர்கள் பெருக்கித் தள்ளுகிற குப்பையில் பொறுக்கியவை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்துவிடுவேன், கரப்பான் வராது. மனுசர்கள்தான் வந்து கெடுத்தார்கள், அதிலும் முதல் ஆள் நான்.

என் குடிசை ஒழுகும். அதனால் கொட்டாயைக் கிடங்கின் பின்கட்டில் காலிக் கோணிகள்மேல் வைத்திருந்தேன். எல்லாம் இருந்தது, ஆட்டக்காரிகள் மட்டும் இல்லை. வரிசையாக ஒரே மாதிரி எட்டுப் பேர் ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரே மாதிரி எட்டுப் படத்துக்கு எங்கே போவது?

கிடங்கிலேயே இருந்தது. ஒரு மில்லின் துணிக்கு, பீஸுக்கு ஒன்றாக ஒரு லேபிள் ஒட்டி வரும். தலையில் கிரீடம், கையில் பச்சைக் கிளி, நாலைந்து வர்ணத்தில் ஒரு ராணி. கடல் காற்றின் ஈரத்தில் தானாக உதிரும் லேபிள்களை எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் உதிர்ந்ததெல்லாம் மூக்கு போனது, காது போனது. ஆகவே ஒரு மத்தியானம் டீ வாங்கி, கிளாஸின் ஆவியில் துணியைக் காட்டி, அடுக்கின் அடியில் இருந்த பீஸ்களிலிருந்து எட்டு ராணிகளை உரித்தேன். ஒரு ராணிக்கு ஒரு டீ. அன்றைக்கு எட்டு டீ குடித்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள், டீதான்.

ராணிகளின் காலை வெட்டி, அட்டையில் வேறு கால் செய்து நூலால் கோத்து, இடுப்புக்கு ஜிகினாப் பாவாடை ஒட்டினேன். எட்டுப் பேரையும் ஒரே அட்டைப் பட்டையில் நிறுத்தி, பட்டையை மேடையின் பக்கவாட்டில் செருகி இழுத்தால் எட்டு ஜோடிக் காலும் ஒன்றாக உதைக்கும். முதல் ஆட்டத்தை நைனாவுக்குத்தான் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

"எங்கேர்ந்துடா புட்சே இவ்ளோ பேரை?"

"கீழ உதுந்து கெடந்துச்சு நைனா."

"உதுந்தது எட்டும் மூக்கும் முழியுமா உதுந்துச்சா?" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, மீஞ்சூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒரு மூட்டையோடு கிடங்குக்குள் வந்தார். தெற்கத்திக்காரர், குரல் கணீரென்று இருக்கும். மூட்டையை அவிழ்த்து எட்டு பீஸைக் கல்லாவுக்கு முன்னால் பரப்பினார்.

"பாருங்க பாய். ஒண்ணுலயாவது கிளி ராணி இருக்காளான்னு பாருங்க. துணிய வாங்க வந்த பொம்பள தொட்டுக்கூடப் பாக்க மாட்டேங்கா. 'கிளி எங்க, இது டூப்பு'ன்னு சொல்லிட்டு எதுத்த கடைக்குப் போறா. எனக்கு அசல் துணி வேணும், இல்லைன்னா இனி ஒங்க கிடங்குப் பக்கமே வரமாட்டேன்."

எழுத்துத் தெரியாத பெண்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நானும் அந்தப் பெண்களும் ஒரே வகுப்பு. அப்படியிருந்தும் உரிக்கும்போது அது என் மண்டையில் ஏறவில்லை.

பாய் ஒவ்வொரு பீஸாகப் புரட்டினார். ஏழாவது பீஸின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தார், விட்டுவிட்டார். அது கிளியின் வால். உரிக்கும்போது அந்த ஒரு கிளி மட்டும் வாலை விட்டுவிட்டு வந்திருந்தது.

"நைனா, இங்க வா" என்றார் பாய். "இந்த மூட்டைய தச்சது நீதானே?"

"ஆமா மொதலாளி."

"அசலை எட்த்துகினு டூப்ப வெச்சித் தச்சிட்டியா?"

"இல்ல மொதலாளி."

"பின்ன லேபிளு எங்க? ரெக்க மொளச்சி பறந்து போச்சா?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தார். அந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் பிடரியைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இத்தினி வருசம் ஒன்ன நம்பினேன். இன்னைக்கி எம்பேர கலீஜ் பண்ணிட்டே" என்று பாய் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். "ஸ்டேசனுக்குப் போயி ஆள இட்டுகினு வா. துணி மாத்தின கேசுன்னு சொல்லு. ஜல்தி."

கணக்கப்பிள்ளை சைக்கிளில் ஏறினார். பதுக்கல், கலப்படம் என்று ஊரெல்லாம் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்த காலம் அது. போனவன் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. நைனாவுக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள்.

எனக்கு வாய் ஓயாமல் பேசும் பழக்கம். அப்போது மட்டும் ஏற்கெனவே அடுக்கியிருந்த பீஸ்களைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன்.

அண்ணாச்சி எழுந்தார். "ஆள் வரட்டும், நான் பெறகு வாரேன்."

பாய்க்கு அவரைப் போகவிட மனசில்லை. போனால் வாடிக்கையும் போய்விடும். "இருங்க அண்ணாச்சி, டீ சொல்லிக்கிறேன். டேய் கோமாளி! அந்த ஒன் கொட்டாய எட்த்துகினு வா. அண்ணாச்சி கொஞ்சம் பாக்கட்டும்."

கோமாளி என்றால் நான்தான்.

பின்கட்டுக்குப் போனேன். ராணிகளின் பட்டையை உருவினேன். எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், அரைஞாண் கயிற்றில் செருகிச் சட்டையை இழுத்து மூடினேன். எட்டு ஜோடிக் கால் வயிற்றில் குத்தியது. கொட்டாயைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்லாவுக்கு முன்னால் வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்தேன். மேடையில் சாயங்காலம் ஆயிற்று.

திரையைச் சுருட்டினேன். கடல்தான் இருந்தது. நீலத் தாளில் மூன்று வரிசை அலை, நடுவில் ஒரு கட்டுமரம். அலையை இடமும் வலமும் இழுத்தேன். கட்டுமரம் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தது. திருப்பினேன். மறுபக்கம் வந்தது.

"எங்கடா போவுது கட்டுமரம்?" என்றார் பாய்.

"காசிமேட்டுக்கு மொதலாளி."

"எப்போ கரை சேரும்?"

"காத்து சரியில்ல மொதலாளி."

அண்ணாச்சி மெல்லச் சிரித்தார். நான் மறுபடியும் அலையை ஆட்டினேன். ஸ்டேஷன் தூரம் இல்லை. சைக்கிளில் போனால் கால் மணி நேரம்கூட ஆகாது. என் கை அலையை ஆட்டியது, காது தெருவில் இருந்தது. நைனா சுவரில் சாய்ந்து, கோணி ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கட்டுமரத்தோடு போய்க் கட்டுமரத்தோடு வந்தது.

"தண்ணியாவே காட்டுறானே" என்றார் அண்ணாச்சி. "ஆட்டக்காரி யாரும் இல்லையாலே?"

"கீறாங்களே!" என்றார் பாய். "எட்டு பொம்பள ஒண்ணா ஆடுவாளுங்கன்னு இந்த நைனாதான் சொல்லிச் சொல்லி சிரிச்சிகினு இருந்தான். இன்னா நைனா?"

நைனா தொண்டையைச் செருமினார். "தெர்ல மொதலாளி. மறந்து போச்சு."

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது, பழி தன் தலையில் இருக்கிறது, அப்படியும் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு தடவை கடலை ஆட்டினேன்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

சட்டைக்குள் கையை விட்டேன். பட்டை வரவில்லை, அரைஞாணில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், கயிறு அறுந்து பட்டை வெளியே வந்தது. அண்ணாச்சி, "ஏலே, எங்கேர்ந்துலே எடுக்க?" என்று பதறினார். வேர்வையில் நனைந்து, பாவாடை நசுங்கி, கிரீடம் மடங்கி, எட்டு ராணிகளும் மேடைக்கு வந்தார்கள். பக்கவாட்டில் செருகி ஒரு இழுப்பு இழுத்தேன். எட்டு ஜோடிக் காலும் உதைத்தன.

யாரும் சிரிக்கவில்லை.

"இது நம்ம கிளி ராணில்லா" என்றார் அண்ணாச்சி.

"நான்தான் மொதலாளி" என்றேன். "நைனாக்கு ஒண்ணும் தெரியாது. துணி அசலு. நான்தான் உரிச்சேன்."

பாய் நம்பவில்லை. "தோஸ்த காப்பாத்த நாடகம் ஆடுறியா?"

பட்டையிலிருந்து ஒரு ராணியைத் தேடிப் பிய்த்தேன். அவள் கையில் இருந்த கிளிக்கு வால் இல்லை. ஏழாவது பீஸை எடுத்து, அந்தப் பச்சைப் பொட்டுக்குப் பக்கத்தில் அவளை வைத்தேன். வால் கிளியோடு சேர்ந்தது. வெட்டிய காலைத் தவிர, பசைத் தடமும் லேபிளும் ஓரம் மாறாமல் பொருந்தின. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அசல்தான் பாய்" என்றார்.

அதற்குள் கணக்கப்பிள்ளையும் ஒரு போலீஸ்காரரும் வாசலில் நின்றார்கள். பாய் எழுந்து போய், தப்புத் தகவல், மன்னிக்கணும் என்று சொல்லி, அண்ணாச்சிக்குச் சொன்ன டீயை அவருக்குக் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்து எனக்கு ஒரு அறை விட்டார். ஒன்றுதான். அதற்கு மேல் அடித்தால் கை வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு நைனாவின் பக்கம் திரும்பி, "மன்ச்சிரு நைனா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

எட்டு ராணிகளின் பாவாடையையும் அட்டைக் காலையும் பிரித்து, அவர்கள் துணியிலேயே திரும்ப ஒட்டினேன். கால் இல்லாத ராணிகள்தான். "பரவால்ல, கிளி இருக்குல்லா" என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து எனக்குப் பேல் பிரிக்கிற வேலை இல்லை. வெளியே வண்டியில் மூட்டை ஏற்றுகிற வேலை. வேலையை விட்டு அனுப்பாததே பெரிசு.

நைனா என்னோடு பேசவில்லை. நான் அவர் முன்னால் பல்லிளித்துப் பார்த்தேன், தடுக்கி விழுந்து காட்டினேன், என் கன்னத்தில் பாயின் ஐந்து விரலும் இன்னும் இருக்கிறதா என்று எண்ணச் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டே இருந்தார். ஏழெட்டு நாள் ஆனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"லேபிள உரிச்சதுக்குக் கோவமா நைனா?"

"அத்த வுடு. பொம்ம மேல ஆச, உரிச்சே."

"பின்ன இன்னா?"

அவர் ஊசியில் நூல் கோத்து முடித்தார்.

"கட்டுமரம் நாலு வாட்டி போயி நாலு வாட்டி வந்துச்சு. நீ எண்ணல, நான் எண்ணினேன். மொத வாட்டி, இப்போ சொல்லுவான்னு பாத்தேன். ரெண்டாவது வாட்டியும் பாத்தேன். நாலாவது வாட்டி, சர்தான், வூட்டுக்கு சேதி சொல்லி அனுப்பணுமே, யார அனுப்பலாம்னு ரோசன வந்துச்சு." நூலைப் பல்லால் கடித்தார். "ஒன் மூஞ்சிதான்டா வந்துச்சு. வேற யாரு கீறான் எனக்கு?"

அவர் பக்கத்தில் இருந்த கோணியின் வாயை இழுத்துப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. தைத்தார்.

அதற்கப்புறமும் நிறையக் கொட்டாய் செய்தேன். காடு வைத்திருக்கிறேன், அரண்மனை வைத்திருக்கிறேன், ஒன்றில் சைதாப்பேட்டை ரயில்கூட ஓடும். கடல் மட்டும் வைத்ததில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கடல் வைக்காதவன் எவன்டா என்று கேட்பார்கள். நீலத் தாள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.