என் மனைவியின் புது சிஸ்டம்

என் மனைவிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திருச்சியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்றை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் விறுவிறுவென்று டைப் செய்வாள்.

பழைய சிஸ்டத்தில் அந்தக் குரலைத் தனியாக வாங்கிப் போட வேண்டியிருந்தது. சில நாள் பாதியில் நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடும். அவளுக்கு மட்டும் எதுவுமே இல்லாமல் போய்விடும். எனக்கு போன் வரும். ஸ்ரீரங்கத்தில் என் ஆபீஸில் பெர்மிஷன் சொல்லிவிட்டு, பஸ் ஏறி, பாலம் தாண்டிப் போய்ச் சரிசெய்து கொடுப்பேன். பத்து வருஷத்துக்கும் மேல் இப்படித்தான்.

இந்தப் பொங்கல் லீவு முடிந்து போனால் எல்லா மேசையிலும் புதுக் கம்ப்யூட்டர், புது சிஸ்டம். அந்தக் குரல் அதில் இல்லை. எதற்கு எந்த விசை என்று அவள் விரலில் பதிந்திருந்ததெல்லாம் மாறிப்போயிருந்தது. ஆஃப் செய்யக்கூடத் தெரியவில்லையாம். வீட்டுக்கு வந்தவள் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

என் லேப்டாப்பிலும் அதே சிஸ்டம்தான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். திரையின் ஓரத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது என்றேன்.

“நடுவுல இருந்தா எனக்கென்ன, ஓரத்துல இருந்தா எனக்கென்ன? எதைத் தட்டணும்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் நான் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு நானே முயன்று பார்த்தேன். இரண்டு நிமிஷம் தாக்குப்பிடிக்கவில்லை.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பார்வையில்லாத தோழி ஒருத்திக்கு போன் போட்டுக் கேட்டாள். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் குரல் தானாகப் பேசியது. புதியதில் அது உள்ளேயே இருந்திருக்கிறது. கொஞ்சம் தேடியதில் தமிழ்க் குரலும் கிடைத்தது. அது எங்கள் விலாசத்தை வாசித்த அழகைக் கேட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சாயந்திரம் வரை நகரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன். நான் பழக்கத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் எடுத்தேன்.

“கிளம்பிடாதீங்க. குரல் நின்னுது, நானே திரும்பப் பேச வச்சிட்டேன். சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்.”

நல்லதாப் போச்சு என்றேன். சந்தோஷம்தான். ஆனாலும் மனசில் ஒரு ஓரம் லேசாக வெறிச்சோடியது. அவள் போனை வைக்காமல், காலையிலிருந்து என்னென்ன செய்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.