பஞ்சவர்ணம் போட்ட உத்தரவு

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோரிப்பாளையத்தில் ஒரு மர பெஞ்சில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். முகத்தின் மேல் தேங்காய்ப்பூ துண்டு. சுற்றிலும் இளம்பெண்கள். அதில் ஒருத்தி எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள் — ஸ்பானிஷ் மொழியில்!

பதறாதீர்கள். உயிரோடுதான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு வாங்கிய அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

எனக்கும் ஸ்பானிஷுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டாம்ப் சேகரிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அதில் கிடைத்த பேனா நண்பர் ஒருவர் அர்ஜென்டினாவில் இருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் தகராறு. எனக்கு ஸ்பானிஷ் பூஜ்யம். கோரிப்பாளையம் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் ஸ்பெயின் நாட்டு சிஸ்டர் ஒருவர் பாடம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, பேங்க் வேலை முடிந்ததும் போய் ஒட்டிக்கொண்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அது நர்ஸ்களுக்கான வகுப்பு. ஸ்பெயினில் ஒரு முதியோர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற பெண்கள். அதனால் வணக்கம், சௌக்கியமா எல்லாம் ஒரு நாளோடு சரி. மீதியெல்லாம் கட்டளை! வாயைத் திறங்க — ஆப்ரா லா போகா. எழுந்திரிங்க — லெவான்தேசே. மூச்சை இழுங்க — ரெஸ்பீரே. பேனா நண்பருக்கு இதையெல்லாம் எழுத முடியுமா?

"இருக்கட்டும் தம்பி. ஆம்பளப் பேஷன்ட் ஒண்ணு எங்களுக்கு வேணும். நீ படு" என்றார் சிஸ்டர். வருஷக்கணக்காக மதுரையில் இருப்பவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிம்மக்கல்லில் பிறந்தவர் என்பீர்கள்.

அந்தப் பெண்களில் கெட்டிக்காரி பஞ்சவர்ணம். உச்சரிப்பு சுத்தம். குரல் கணீர். முதல் இரண்டு வாரம் என்னைப் படுக்கவைத்து, எழுப்பி, மூச்சு வாங்கவைத்துப் புரட்டி எடுத்துவிட்டாள். நானும் அசடு வழியச் சிரித்தபடி சொன்னதையெல்லாம் செய்தேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். நம்ம பக்கத்து ஆள் எவனும் செய்கிற காரியம்தான். டீ குடிக்கும்போது கேட்டேன்:

"ஒனக்கு எந்த ஊரும்மா?"

"எழுமலை, சார்."

"அட, நானும் எழுமலைதான்!" எனக்கோ ஏகக் குஷி.

"அப்படியா சார்! எந்தத் தெரு?"

"மேலத்தெரு, மச்சு வீடு." அதோடு விட்டேனா? பெரியப்பா பெயரையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

பஞ்சவர்ணம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"எங்கப்பா ஒங்க பெரியவுக தோட்டத்துலதான் வேல பாக்குறாரு... ஐயா."

சார் போய் ஐயா வந்துவிட்டது! அதோடு அவளுடைய ஸ்பானிஷும் போய்விட்டது.

அடுத்த வகுப்பில் நான் படுத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மற்ற பெண்களிடம் வார்த்தை தடதடவென்று வருகிறது. என்னிடம் வந்தால் வாய்ப்பூட்டு. "என்னடி ஆச்சு? போன வாரம் இந்த ஆள உருட்டி வெளையாண்டியே?" என்றார் சிஸ்டர்.

நான் வேறு, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, "சும்மா சொல்லும்மா... அட, சொல்லுங்கிறேன்ல!" என்றேன். உத்தரவு போடச் சொல்லி நானே ஒரு உத்தரவு... எப்படி இருக்கிறது கதை?

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. வெள்ளிக்கிழமை ஸ்பெயினிலிருந்து பெரிய மதர் வருகிறார். யாரை எதிரே நிறுத்துவாரோ தெரியாது, அந்த ஆளுக்குத் தயங்காமல் கட்டளை சொல்லிக் காட்ட வேண்டும். தயங்கினால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பஞ்சவர்ணத்தின் தங்கைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு களை எடுக்கப் போக வேண்டும். எங்கே? என் பெரியப்பா தோட்டத்துக்குத்தான். இதையெல்லாம் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சிஸ்டர், நான் வேண்டுமானால் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறேனே?" என்றேன்.

சிஸ்டருக்கு வந்ததே கோபம்! "நீ நின்னுட்டா? அங்க கட்டில்ல கெடக்குற கெழவனுக அம்புட்டுப் பேரும் அவங்கவங்க ஊருல மச்சு வீட்டுக்காரனுகதான். மொறைப்பானுக, கத்துவானுக. இவ கையக் கட்டிக்கிட்டு நின்னா மாத்திரைய யாரு குடுக்குறது? பேசாமப் படு!"

படுத்தேன். சிஸ்டர் ஒரு துண்டை எடுத்து என் முகத்தை மூடினார். "இப்ப இது எழுமலையும் இல்ல, மேலத்தெருவும் இல்ல. வெறும் கெழவன். சொல்லுடி."

வந்தது பாருங்கள் சத்தம்! லெவான்தேசே! எழுந்தேன். ரெஸ்பீரே! துண்டுக்குள்ளேயே மூச்சை இழுத்தேன். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே சிஸ்டர் துண்டை வெடுக்கென்று உருவிவிட்டார்.

பஞ்சவர்ணம் நேருக்கு நேராக என் முகத்தைப் பார்த்தாள். வாய் நின்றுவிட்டது. "நிறுத்தாத" என்றார் சிஸ்டர். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"ஆப்ரா லா போகா."

மரியாதையான வார்த்தைதான். இரண்டு வாரமாகக் கேட்டுச் சிரித்த வார்த்தைதான். ஆனால் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? சுரீரென்று ஏறியது! காது சூடாகிவிட்டது. 'யாரைப் பார்த்து யார் சொல்றது?' என்று உள்ளேயிருந்து ஒருத்தன் கேட்டான். சாட்சாத் என் பெரியப்பா குரல்!

ஐயோ, நானா? சமத்துவம், சமத்துவம் என்று வாராவாரம் இதே பத்தியில் உங்கள் காது புளிக்க எழுதுகிற நானா? ஊரை விட்டு வந்து எம்புட்டோ காலமாகிவிட்டது, அதெல்லாம் நம்மிடம் கிடையாது என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கே இருந்தான் இந்த ஆள் இத்தனை நாளும்? வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அரை நொடிதான். முகத்தைச் சரிசெய்துகொண்டேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருப்பாளா? எங்கள் முகம் எப்போது மாறும் என்று பார்த்துப் பார்த்தே பிழைத்த குடும்பமாயிற்றே!

போச்சு, ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஆப்ரா லா போகா!"

ஜன்னல் அதிர்ந்தது. திறந்தேன் ஐயா, கடைவாய்ப் பல் தெரியத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை பேங்கில் பர்மிஷன் சொல்லிவிட்டு மடத்துக்குப் போனேன். மனசு கேட்கவில்லை. வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்ச், போய் உட்கார்ந்தேன். தூண் ஓரமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று.

"சின்னய்யா... நான் பஞ்சவர்ணத்தோட அப்பனுங்க. புள்ள உள்ள போயிருக்கு."

"உட்காருங்க" என்றேன்.

"இருக்கட்டுங்கய்யா."

"அட, உட்காருங்கண்ணே!"

'அண்ணே' என்றதும் இன்னும் பயந்துபோய்த் தூணோடு ஒட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் எது சொன்னாலும் தட்டாமல் செய்தே பழகிய மனுஷர். இந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார்!

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. பஞ்சவர்ணம் வந்தாள்.

"கெடச்சிருச்சுப்பா!"

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நின்றபடியே அழுதார். அவள் அப்பாவைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாள்.

"உக்காருப்பா."

"அய்யா இருக்காக, தாயி..."

"இருக்கட்டும். நீ உக்காரு."

எழுமலைத் தமிழில்தான் சொன்னாள். கத்தவும் இல்லை.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத்தான் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது — உத்தரவு வரவில்லையே!