குலசேகரத்தில் அண்ணாச்சி பேசியது

கன்னியாகுமரியில் கடல் மேல் கண்ணாடிப் பாலம் திறந்து, ஊரெல்லாம் அதில் போய் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. வடசேரி சந்தைக்கு எதிரே டீக்கடையில் இருந்தேன். டிவியில் பூதலிங்கம் அண்ணாச்சியின் முகம் வந்தது. கீழே ஓடிய எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. கடைக்காரரைக் கேட்டேன்.

"டெல்லியில வச்சு போயிட்டாராம் பாய். இன்னைக்கு காலம்பற, வெளுப்பாங்காலம்."

எங்களுக்குள் பேச்சு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. என்றைக்காவது கூப்பிடுவார் என்று நினைத்திருந்தேன்.

நான் கோட்டாறு மீரான், மைக் செட்காரன். அவரை அறிந்தவர்கள் என்னையும் பார்த்திருப்பீர்கள், மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிபயரோடு. நான் சொல்ல, இந்த நினைவு மலருக்காக எழுதிக்கொள்கிறார்கள்.

இந்த ஜில்லாவில் அவர் கட்சிக்குக் கொடி கட்ட ஆள் கிடைக்காத காலத்திலேயே அவருக்கு மைக் வைத்தேன். பிறகு எம்.பி. ஆனார், டெல்லியில் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவரானார், மந்திரியும் ஆனார். பசுவைக் கொல்லக் கூடாது, மதம் மாற்றக் கூடாது, எல்லாருக்கும் ஒரே சட்டம், அந்நியச் சரக்கு வேண்டாம். எந்த ஊரிலும் இதுதான் பேச்சு. பாதி எனக்குச் சேராது. எங்கள் ஆட்களைப் பற்றிப் பேசும்போது தலையைக் குனிந்துகொள்வேன். இறங்கி வந்து கேட்பார்:

"வருத்தமா வே?"

"ஆமா."

"இருக்கட்டும். அது எனக்க கொள்கை. நாளைக்கு தக்கலையில கூட்டம், நேரத்தே வந்துரும்."

கட்சிப் பையன்கள் அவரிடம் மைக்குக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்கள். ஜமாஅத்திலும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கல்யாணத்துக்கு மைக் கேட்பதும் நின்றது. அவர் என்னை விடவில்லை. காரணம் இதுதான். மேடை ஏறும் முன் என்னிடம் கேட்பார்: "இந்த ஊர்ல முன்ன என்னத்த பேசினேன் வே?" சொல்வேன். கேட்டது எனக்கு மறக்காது.

மந்திரியாக இருக்கும்போது குலசேகரத்துக்கு வந்தார். வெளிநாட்டு ரப்பர் வரத்து கூடி, நம் ஊர் ரப்பர் ஷீட் விலை விழுந்து கிடந்த சமயம். கூட வந்த அதிகாரி ரப்பர் பேச்சே வேண்டாம் என்றார். அண்ணாச்சி வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னேன்: "அந்நிய ரப்பர் இந்த ரோட்டுல வரணும்னா எனக்க நெஞ்சு மேல ஏறித்தான் வரணும்னு சொன்னிய, அண்ணாச்சி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

"இங்கதான் அப்படிச் சொன்னேன். டெல்லியில ரப்பருக்கு வாசல் தொறந்தப்போ நானும் கூட இருந்து சரின்னேன். சமாதானம் சொல்ல வரல்ல" என்றார்.

ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகும் ரோசம்மாள் முன்வரிசையில் எழுந்தாள்: "அப்பம்னா ரோட்டுல படுத்துக்கிடும் அண்ணாச்சி! லாரி வந்துட்டே இருக்கு!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் கைகூப்பி நின்றார். அடுத்த தேர்தலில் தோற்றார். கட்சியும் அவரை மெல்ல ஒதுக்கி உட்காரவைத்தது.

அன்று திரும்பும் வழியில், காரில், டிரைவர் செல்லத்துரை முன்னால்தான் சொன்னார்: "நீரு மறந்திருக்கலாம் வே."

"மறக்க மாட்டேங்குதே அண்ணாச்சி."

பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஊருக்கு வந்தபோதெல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய ஸ்பீக்கர் வந்தது. நான் ரோட்டோரம் நின்று கேட்டேன். மேடையில் ஏறும் முன் யாரையும் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் அவரைக் கடைசிவரை சொல் மாறாதவர் என்றார்கள். மாறினார். மாறியதை ஜனங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுதான். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். "குலசேகரத்துலயா? உமக்கு வயசாச்சு பாய்" என்று அவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆமாம் என்று சொல்ல ஆள் வேண்டும். செல்லத்துரை இல்லை. அந்த அதிகாரியும் போய்விட்டார். மேடை போட்டவர்களும் போய்விட்டார்கள். விசாரித்துப் பார்த்தேன். அன்று அங்கே இருந்து, எனக்குத் தெரிந்தவர்களில் என்னைத் தவிர இப்போது உயிரோடு இருப்பது அவரை ரோட்டில் படுக்கச் சொன்ன ரோசம்மாள் ஒருத்தி.