மாலைக்கு ஆணி வேண்டாம்

கூடுவாஞ்சேரி பஸ் எப்போது வருமென்று தாம்பரத்தில் யாருக்கும் தெரியவில்லை. வெயிலுக்கு ஒதுங்கி, படங்களுக்கு ஃபிரேம் போடும் கடையொன்றின் வாசலில் நிற்கிறேன். உள்ளே முருகனும் இயேசுவும் ஒரே சுவரில் சாய்ந்திருக்கிறார்கள்.

கடைக்காரர் ஒரு பத்திரிகைப் படத்துக்குக் கண்ணாடி பொருத்தி முடித்திருக்கிறார். போன மாதம் வானில் ஏறும்போதே அமெரிக்க விண்கலம் வெடித்து இறந்த ஏழு பேர் அதில் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. படத்தை வாங்க வந்திருப்பவரும் ஆசிரியைதான். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார்.

இறந்தவர்கள் படமாயிற்றே என்று, மாலை மாட்ட மேலே இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார் கடைக்காரர்.

“ஆணி வேணாம் அண்ணா,” என்கிறார் டீச்சர். “மாலை போட்டா முகம் மறைஞ்சிடும். பிள்ளைங்க இவங்க முகத்தைப் பாக்கணும்.”

“பசங்க பயந்துக்காதுங்களா டீச்சர்?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். இனிமே யாரு ராக்கெட்ல போவீங்கன்னு கிளாஸ்ல கேட்டேன். பதினோரு பேர் கை தூக்கினாங்க.”

கடைக்காரர் படத்தின் கண்ணாடியைத் துடைக்கிறார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறார்.

“எம்பொண்ணும் உங்க கிளாஸ்லதானே கீது. அது இன்னா பண்ணுச்சு?”

“அவதான் மொதல்ல தூக்கினா.”

என் பஸ் வந்து நிற்கிறது. நான் ஏறவில்லை. கடைக்காரர் குறடால் இரண்டு ஆணிகளையும் பிடுங்குகிறார். பிறகு, யாரும் கேட்காமலே, மெழுகை உருக்கி அந்த ஓட்டைகளை அடைக்கிறார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைக்கிறார்.