வாசனை மட்டும்

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா கூடாதா என்று ஊராரிடம் கருத்துக் கேட்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அதன் மூன்றாம் நாள் அமர்வுக்கான நிகழ்ச்சி நிரலில் அவரைப் பற்றி இப்படி அச்சாகியிருந்தது: "சாட்சி எண் 14. போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் முதுநிலை மோப்பநாய் வல்லுநர். கடத்தல்காரர்களின் சிம்மசொப்பனம். அனுமதிக்கு எதிர்த் தரப்பு." அச்சிட்டது குழு, வாசகம் அவருடைய ஆய்வாளருடையது.

சிம்மசொப்பனத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுவார். காவல்துறையில் அவர் சேர்ந்தது பேண்டு வாத்தியக் குழுவில் முரசு அடிப்பதற்காக. பதினாறு ஆண்டு அடித்த அடியில் இடது காது பாதி போயிற்று. மருத்துவச் சான்றிதழைப் பார்த்த மேலதிகாரி, காதே தேவைப்படாத ஒரு பிரிவைத் தேடி அவரை மோப்பநாய்ப் பிரிவில் போட்டார். அங்கே வேண்டியது மூக்கு. அதுவும் நாயின் மூக்கு. வாய் திறக்காத மனிதர் என்பதால், பழைய தொழிலையும் சேர்த்துப் பிரிவில் அவருக்கு 'டமாரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நாய்க்குப் பதிவேட்டில் எண் ஏழு. கூப்பிடுகிற பேர் அம்மணி. பழுப்பு நிற லாப்ரடார், ஆறு வயது. மற்ற நாய்கள் மோப்பம் பிடித்ததும் குதிக்கும், குரைக்கும், பிறாண்டும். அம்மணி அப்படிச் சில்லறைத்தனமெல்லாம் செய்யாது. கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி மெல்ல நடந்துவந்து, சந்தேகம் வந்த பைக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான். மீதி வேலை காவலர்களுடையது: பையைத் திற, கொட்டு, கிளறு.

டமாரத்துக்கு நாயைப் பற்றி ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் நடை. முரசுக்காரர் என்பதால் நிமிடத்துக்கு இத்தனை அடி என்று கடிகாரம் மாதிரி நடப்பார். பயிற்சியாளர் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார். மற்றவர்கள் வெயிலில் தள்ளாடுவார்கள், பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் தடுமாறுவார்கள். இவர் மட்டும் பார்சல் கிடங்கின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே தாளத்தில் போவார். அம்மணியும் அவரும் ஒரே உடம்பின் ஆறு கால் என்று பிரிவில் சொல்வார்கள்.

கஞ்சா விஷயத்தில் அவருடைய கொள்கை சுருக்கமானது. வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதிய ஒருவன் புகைப்பான். நன்றாகத்தான் ஊதுவான், ஆனால் எப்போதும் அரை மாத்திரை பிந்தி. "அதை அடிச்சவன் தாளத்துல நிக்க மாட்டான்," என்பார் டமாரம். பேராசிரியர்களும் மருத்துவர்களும் நாற்பது பக்க அறிக்கையோடு குழுவுக்கு வந்தார்கள். இவருடைய அறிக்கை இந்த ஒரு வரிதான். இரண்டுக்கும் உழைப்பில் வித்தியாசம் உண்டே தவிர, யாரும் யாரையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

வீட்டில் எதிர்க்கட்சி உண்டு. மனைவியின் தம்பி. சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தால் அரசியல் சாசனமே இலவசம். பீடியை விடுகிறான், சாராயத்தை விடுகிறான், செடியைப் பிடித்து உள்ளே போடுகிறானே இந்த அரசாங்கம் என்று அக்காவிடம் முறையிடுவான். அக்கா ஒரு துணிக்கடையில் அளவெடுத்து வெட்டுகிறவள். ரெண்டு பேரும் கையைக் கழுவிட்டு நாட்டைத் திருத்துங்க என்பாள்.

"மாமா, சட்டம் வந்துட்டா உங்க அம்மணிக்கு வேலை போயிடும். அதுக்குத்தானே எதிர்க்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஆமா மாப்ளே," என்றார் டமாரம். மைத்துனன் ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டான்.

விஷயம் அதுதான். நாய்க்கு ஒரு வாசனையைக் கற்றுக்கொடுக்கலாம், மறக்கடிக்க முடியாது. கஞ்சாவுக்கு உட்காரப் பழகிய நாய், நாளைக்கு அது கடைச்சரக்கு ஆனாலும் உட்காரும். அதனால் சட்டம் வந்தால் பழைய நாய்களை எல்லாம் உடனே ஓய்வுக்கு அனுப்புவது என்று துறை முடிவெடுத்திருந்தது. ஓய்வு என்றால், ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பராமரிப்பு மையம். இத்தனை நாள் கூட நடந்த காவலருக்கே நாயைக் கொடுத்துவிட விதியில் இடமில்லை. சட்டம் வராவிட்டால் அம்மணிக்கு இன்னும் இரண்டு ஆண்டு பணி உண்டு. டமாரத்துக்கு அந்த இரண்டு ஆண்டு வேண்டும்.

ஆகவே குழுவின் முன்னால் செயல்விளக்கம் காட்ட ஆய்வாளர் கூப்பிட்டபோது மறுபேச்சு பேசவில்லை. எட்டு அட்டைப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் சரக்கு. எது என்று நாயை நடத்துகிறவருக்குத் தெரியக்கூடாது. அதுதான் முறை. காலையில் புதுக் கட்டிலிருந்து அட்டைகளை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, எட்டையும் டமாரமே மடித்து ஒட்டினார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார். ஆய்வகத்து எழுத்தர் சரக்கை வைத்து மூடினார்.

ஆய்வாளர் நல்லவர்தான். நல்லவர்கள் செய்கிற உபகாரத்துக்குத்தான் தப்பிக்க வழியிருக்காது. தாழ்வாரத்தில் டமாரத்தின் வலது காதைத் தேடிக் குனிந்து, "இடமிருந்து மூணாவது. சும்மா தெரிஞ்சு வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்வதற்குள் காதில் ஏறிவிட்டது. மூன்றை மறக்க முயன்ற மனிதருக்கு மூன்றைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை.

கூட்டம் நடந்தது ஒரு பழைய அலுவலகத்தின் மாடிக் கூடத்தில். மேசைக்குப் பின்னால் குழுத் தலைவி, ஓய்வு பெற்ற நீதிபதி. மூக்கின் நுனியில் கண்ணாடி. இடது பக்க நாற்காலிகளில் அனுமதி வேண்டுகிறவர்கள், வலது பக்கம் வேண்டாதவர்கள். கல்யாணத்தில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு மாதிரி ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் எழுந்து, எங்கள் தேடுதலால் குற்றவாளியைத் தவிர வேறு யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை, நாய் பொய் சொல்லாது என்று பேசினார். வலது பக்கம் கை தட்டியது.

டமாரம் நடந்தார். ஒன்று. இரண்டு. தாளம் கெடவில்லை என்றுதான் நினைத்தார். மூன்றாவது பெட்டி அருகே வந்தபோது, ஒரு கால் தரையில் இருக்க வேண்டிய நேரத்தைவிட ஒரு நூலிழை கூடுதலாக இருந்தது. கூடத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. அம்மணி நிமிர்ந்து அவரைப் பார்த்தது. பிறகு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்தது.

மறுபடியும் கைதட்டல். எழுத்தர் வந்து பெட்டியைத் திறந்தார். காலி. ஆய்வாளர் இடது என்று சொன்னது மேசைப் பக்கத்திலிருந்து பார்த்த இடது. டமாரம் நடந்துவந்தது வாசல் பக்கத்திலிருந்து. சரக்கு இருந்தது அவருக்கு ஆறாவது பெட்டியில்; அம்மணி அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

இதற்கெல்லாம் துறையில் வழி இருக்கிறது. தினசரி அறிக்கையில், நாய் உட்கார்ந்தால் நிரப்ப இரண்டு கட்டங்கள்தான்: 'பொருள் கிடைத்தது', 'வாசனை மட்டும்'. முன்பு எப்போதோ பொருள் இருந்திருக்கும், வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். 'நாய் தவறியது' என்று மூன்றாவது கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் தவறும் நடந்ததில்லை. ஆய்வாளர் அதையே சொன்னார்: பெட்டியில் முன்னால் ஏதாவது வைத்திருப்பார்கள், வாசனை மட்டும்.

தலைவி டமாரத்தைப் பார்த்தார். "அப்படியா?"

ஆமாம் என்பது டமாரத்துக்குப் பழகிய வார்த்தை. 'வாசனை மட்டும்' வருஷக்கணக்காக எழுதிய வார்த்தை.

"இல்ல மேடம். பெட்டி புதுசு. காலையில நான்தான் ஒட்டினேன்."

"அப்புறம் ஏன் உட்கார்ந்தது?"

"நான் நடையைக் குறைச்சுட்டேன் மேடம். மூணாவதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அது பெட்டியைப் பார்க்கல, என்னைப் பார்த்துச்சு."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். இது இன்று மட்டும் நடந்ததா என்று கேட்டார்.

"போன வருஷம் நூத்திநாலு தடவை உட்கார்ந்துச்சு. அறுபத்துமூணுல பொருள் கிடைச்சுது. மீதி நாப்பத்தொண்ணுல வாசனை மட்டும்னு எழுதியிருக்கேன். அதுல எத்தனை வாசனை, எத்தனை நான்னு எனக்குத் தெரியாது."

இடது பக்கம் எழுந்து நின்று கை தட்டியது. டமாரத்துக்கு அது பிடிக்கவில்லை. இடைவேளையில் அந்தப் பக்கத்துத் தலைவர், தாடிக்காரர், ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கள் பக்கம் வந்ததற்கு நன்றி என்றார். நான் எதிர்ப்புதான் சார் என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டார் டமாரம். வலது பக்கத்தில் யாரும் அவரோடு பேசவில்லை.

சாட்சிகள் பேசியதைத் தட்டச்சு செய்து, திருத்தம் பார்க்க ஏழு நாள் கொடுப்பது குழுவின் வழக்கம். ஆறாம் நாள் மாலை ஆய்வாளர் அந்த நான்கு பக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். கோபப்படவில்லை, அதுதான் சங்கடம். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: 'தரை வழுக்கியதால் என் நடை தடுமாறியது, நாயின் திறனில் குறையில்லை.' இதை மையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாய் இருக்கும், சட்டம் வரும்வரை, வராவிட்டால் முழு இரண்டு ஆண்டு. போடாவிட்டால் அடுத்த வாரமே எண் ஏழைப் பணியிலிருந்து நீக்க வேண்டியிருக்கும்.

"தரை கொஞ்சம் வழுவழுன்னுதானே இருந்துச்சு," என்றார் ஆய்வாளர் போகும்போது.

மைத்துனன் அன்று கடையை முன்னதாகவே மூடிவிட்டு வந்திருந்தான். இத்தனை காலம் இந்தத் தேடுதலே அக்கிரமம் என்று கத்தியவன், அந்த நான்கு பக்கத்தையும் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எழுதிக் குடுத்துடுங்க மாமா. நீங்க ஒருத்தர் உண்மை பேசி சட்டமா மாறப்போகுது? அம்மணியாவது உங்களோட இருக்கும்."

"நீ அனுமதி வேணும்ங்கிற ஆளுடா," என்றாள் அக்கா.

"அது கொள்கை. இது மாமாவோட நாய்."

அவள் துணியை மடித்துக்கொண்டே கணவரைக் கேட்டாள். "அந்த நாப்பத்தொரு பேர் பையையும் கொட்டினீங்களே, அவங்க என்ன சொன்னாங்க?"

டமாரம் யோசித்தார். சண்டை போட்டவர்கள் நான்கைந்து பேர். மற்றவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்க்கொண்டிருந்தாள்; பேருந்து நிலையத்து நடைமேடையில் பையைக் கொட்டினார்கள். குழந்தைத் துணிகள், வெந்நீர்க் குடுவை, இரண்டு சோப்பு. வாசனை மட்டும் என்று எழுதிக்கொண்டார். அவள் குனிய முடியாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து வைப்பதற்குள் பேருந்து போய்விட்டது. அடுத்தது எத்தனை மணிக்கு என்று அவரிடம்தான் கேட்டாள். அவர் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணும் சொல்லல. மடிச்சு வெச்சுட்டுப் போனாங்க," என்றார்.

மைத்துனன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ரப்பர் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தான். பென்சில் எழுத்து கண்ணை உறுத்துகிறதாம். கொள்கை திரும்பி வந்துவிட்டதா, மாமா முகத்தைப் பார்த்துச் சொன்னானா என்று தெரியவில்லை. அவனையே கேட்டால் இரண்டும் இல்லை என்பான்.

குழு ஆறு மாத நீட்டிப்புக் கேட்டது, கிடைத்தது; மறுபடியும் ஆறு மாதம் கேட்டிருக்கிறது. இடது பக்கத்தார் தங்கள் துண்டறிக்கையில் டமாரத்தை 'மனம் மாறிய வீரர்' என்று போட்டார்கள். வலது பக்கத்தார் 'பயிற்சி போதாத ஊழியர்' என்றார்கள். துறையின் அறிக்கைப் படிவத்தில் இன்னும் இரண்டே கட்டங்கள்தான்.

அவர் செய்தது இது. ஏழாம் நாள் காலை, பென்சில் வரியை அழித்துவிட்டு, நான்கு பக்கத்திலும் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு, குழு அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கினார். அடுத்த புதன்கிழமை அம்மணியைக் குளிப்பாட்டி, துடைத்து, பராமரிப்பு மையத்தின் வண்டியில் ஏற்றிவிட்டார்.