லேட் பார்டோ

மேவிஸ் பார்டோ பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை, தன் முப்பாட்டனுக்கும் முப்பாட்டனான கூரை வேயும் ஜோசையாவின் சாவைத் தேடுவது. 1796-ஆம் ஆண்டு நிலவரிப் பட்டியலில் அவன் குடியிருந்த நிலத்துக்கு நேரே ‘லேட் பார்டோ’ என்று இருந்தது. ஆள் போய்விட்டான் என்று முடிவுகட்டி, இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் பதினாலு தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகளைப் புரட்டிவிட்டாள். எங்கும் இல்லை.

ஆவணக் காப்பகத்துக் கிளெமென்ட் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். “வரிப் பட்டியல்ல லேட்டுன்னா செத்தவன்னு இல்ல மேவிஸம்மா. முன்னாடி அங்க இருந்தவன், அவ்வளவுதான். ஆளு வேற ஊருக்குக் கிளம்பியிருப்பான்.”

“இத ஒன்பது வருசம் முன்னாடி சொல்ல வாய் வலிச்சுதா?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

பக்கத்து ஊர்ப் பதிவேட்டைக் கணினியில் திறந்தார்கள்; பத்தே நிமிடத்தில் அகப்பட்டான். 1798, திருமணம்: ஜோசையா பார்டோ, கூரை வேய்பவன், மனைவியை இழந்தவன். அவன் இழந்துவிட்டதாகச் சொன்ன அந்த முதல் மனைவி ஹெஸ்டரை முப்பத்து மூன்று வருடம் கழித்து, 1831-இல்தான், அடக்கம் செய்த பதிவின் நகல் மேவிஸின் பைக்குள்ளேயே இருந்தது.

“படவா,” என்று அவள் திரையை விரலால் குத்தினாள். “உன்னைச் சாவு வீட்டுல தேடினேன். நீ கல்யாண வீட்டுல இருந்திருக்க!”